ஜெயித்தவன் சிலை இருக்கு... சிப்பாய் பேர் எங்கே?

சிந்தாதிரிப்பேட்டையைச் சுற்றிச் சுற்றி யுத்தக் கதை! சேர்த்துச் சொல்ல ஒரு மியூசியம் வருமா?

ராஜாஜி ஹால்!

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்களுக்கு இது அடுத்த வீடு மாதிரி. அண்ணா சாலையைத் தாண்டினால் ஓமந்தூரார் தோட்டம். உள்ளே அகன்ற படிக்கட்டு. மேலே வரிசையாக வெள்ளைத் தூண்கள்.

1969ல் அண்ணா, 1975ல் காமராஜர், 1987ல் எம்.ஜி.ஆர்., 2016ல் ஜெயலலிதா, 2018ல் கருணாநிதி... தமிழ்நாட்டை ஆண்ட இத்தனை பேரின் உடலும் கடைசியாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது இங்கேதான். லட்சக்கணக்கான ஜனம் இந்தப் படிக்கட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டது.

ஆனால் தலைக்கு மேலே, முகப்பில் என்ன செதுக்கியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அது யுத்த வெற்றிச் சின்னம்!

ஆம். ராஜாஜி ஹால் முதலில் வெள்ளைக்காரனின் விருந்து மண்டபம். 1799 மே 4ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் போரில் மாண்டார். அந்த வெற்றியைக் கொண்டாட மண்டபம் கட்டச் சொன்னவர் அப்போதைய மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ். பிளாசி யுத்தத்தில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் பிள்ளை இவர். கட்டிக் கொடுத்தவர் கோல்டிங்காம். அடிப்படையில் இவர் வான சாஸ்திரி. நட்சத்திரம் பார்த்தவர் கட்டிடமும் கட்டினார்! 1802ல் மண்டபம் திறக்கப்பட்டது. ஒரு பக்க முகப்பில் அப்பன் ஜெயித்த பிளாசி. மறுபக்க முகப்பில் மகன் காலத்து ஸ்ரீரங்கப்பட்டினம்.

தினம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியாது. தெரியப்படுத்த ஓர் இடமும் இல்லை.

நம்ம ஊரின் ராணுவச் சரித்திரம் இப்படித்தான் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டு கோட்டையில். ஒரு துண்டு ஹைகோர்ட் மதில் சுவரில். ஒரு துண்டு அடையாற்று மணலில். இன்னொரு துண்டு நீலகிரி மலையில். இதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்த்தால்? அப்படிச் சேர்க்கும்போது யாருடைய கதையாகச் சொல்வது?

தறிக்குக் காவல் துப்பாக்கி

கதை தொடங்குவது பீரங்கியில் அல்ல. துணியில்!

1639ல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்தது. துணியை வாங்கி வைக்கக் கிடங்கு வேண்டும். கிடங்குக்கு மதில் வேண்டும். மதிலுக்குக் காவல் வேண்டும். அப்படித்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்தது.

கொஞ்ச காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. நெசவாளிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் குடி வைத்தால் என்ன என்று யோசித்தார் கவர்னர் மார்ட்டன் பிட். 1734ல், கூவம் மூன்று பக்கமும் வளைந்து ஓடும் ஒரு தோட்டத்தில் நெசவாளர் குடியிருப்பு உண்டானது. தோட்டம் சுங்குராமச் செட்டி வசம் இருந்தது. நூற்பவர், நெய்பவர், துணிக்குச் சாயம் தீட்டுபவர், வெளுப்பவர், கோவில் பணி செய்பவர்... இவர்களுக்குத்தான் அங்கே இடம்.

சின்னத் தறிப் பேட்டை. அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை!

இன்று இங்கே தறிச் சத்தம் இல்லை. விடியற்காலையில் மீன் மார்க்கெட் சத்தம். பொழுது விடிந்தால் கடைகண்ணிகளின் சத்தம். ஆனால் பேரில் தறி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராணுவ மியூசியம் ஒன்று கட்டுவதானால் அதன் முதல் அறையில் வைக்க வேண்டிய சாமான் வாள் அல்ல, ஒரு தறி! ஏனென்றால் இந்தத் தறியைக் காக்க வந்த துப்பாக்கிதான் பிறகு தேசத்தையே பிடித்தது.

அடையாற்றில் கிடைத்த பாடம்

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸ் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காடு நவாப் அன்வருதீன் இதைப் பொறுக்கவில்லை. மகன் மாபூஸ்கானைப் பெரும் படையோடு அனுப்பினார். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இரு தரப்பும் மோதின.

நவாப் பக்கம் சுமார் 10 ஆயிரம் பேர். எதிரே பாராதி என்ற தளபதியின் கீழ் ஆயிரம் பேர் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி நம்மூர்ச் சிப்பாய்கள். கடைசியில் ஓடியது எது? பெரிய படை!

இதில் மந்திரமாயம் ஒன்றுமில்லை. வரிசையில் நிற்க, ஒரே நேரத்தில் சுட, உடனே மறுபடி மருந்து கெட்டிக்கப் பழகியிருந்தார்கள். எண்ணிக்கையைப் பயிற்சி ஜெயித்தது. இன்று சாந்தோமுக்கும் அடையாறுக்கும் நடுவே பாலத்தைக் கடக்கும் பஸ் பயணிகள் அந்தப் போர்க்களத்தின் ஓரமாகத்தான் போகிறார்கள்.

1749ல் கோட்டை திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள். உள்ளூர் ஆளை எடு, சம்பளம் கொடு, பயிற்சி கொடு. ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி இந்த வேலையை முன்னின்று செய்தார். 1758ல் மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள் ஒழுங்காக அமைக்கப்பட்டன. அந்த வருஷ டிசம்பரிலேயே பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி வரை முட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பட்டாளங்களின் வாரிசுதான் இன்றைய மதராஸ் ரெஜிமென்ட். இந்திய ராணுவத்தில் மிகப் பழமையான காலாட்படைகளில் ஒன்று. இப்போது அதன் தலைமை மையம் நீலகிரி வெலிங்டனில். 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற அதன் போர் முழக்கம் எல்லையில் இன்றும் கேட்கிறது. பிறந்த ஊர் மதராஸ். பிறந்த கதையை மதராஸ்காரனுக்கு யார் சொன்னார்கள்?

கோட்டைக்குள்ளே ஒரு மியூசியம்

"ஏன், கோட்டையில் மியூசியம் இருக்கே!" என்று கேட்கலாம். இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் பூங்கா நகர், அடுத்தது கோட்டை. இரண்டே ஸ்டேஷன்.

கட்டிடமே பழம்பொருள். 1795ல் முடிந்தது. கீழே பேங்க் ஆபீஸ். மாடியில் வியாபாரிகள் கூடும் மண்டபம். பொதுக்கூட்டமும் நடக்கும், லாட்டரிக் குலுக்கலும் நடக்கும். 1940களில் ரீட் என்ற ராணுவ அதிகாரி மியூசியம் யோசனையைக் கிளப்பினார். அங்கங்கே கிடந்த பழைய சாமான்கள் சேர்க்கப்பட்டன. 1948ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

உள்ளே போனால் வாள்கள், துப்பாக்கிகள், ராணுவ உடுப்புகள், பதக்கங்கள், நாணயங்கள். மாடியில் ஆளுயரத்துக்கும் மேலே கவர்னர்கள், ராஜா ராணிகளின் சித்திரங்கள்.

நடுநாயகமாக கார்ன்வாலிஸ் சிலை! லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செய்தது. 1800ல் மதராஸில் நிறுத்தப்பட்டது. தேனாம்பேட்டை செனடாப் ரோட்டுக்குப் பெயர் வந்ததும் இதே கார்ன்வாலிஸ் நினைவு மண்டபத்தால்தான். சிலையின் பீடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். 1792ல் திப்பு தன் இரண்டு பாலகர்களைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஜெயித்தவன் மேலே நிற்கிறான். தோற்றவனின் பிள்ளைகள் காலடியில்.

அந்தப் போர்களில் கம்பெனிக்காகச் சண்டையிட்டுச் செத்த மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. சித்திரம் இல்லை. சுவரில் பேர்கூட இல்லை!

வேலூரில் விழுந்த 300 பேர்

அந்தச் சிப்பாய் ஊமையாகவும் இருந்துவிடவில்லை.

1806ல் புதுத் தலைப்பாகை உத்தரவு வந்தது. அதில் தோல் பட்டை. நெற்றியில் குறி கூடாது, தாடியை வழி என்றார்கள். இந்து சிப்பாய்க்கும் வலித்தது. முஸ்லிம் சிப்பாய்க்கும் வலித்தது. ஜூலை 10ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. 100க்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். பொழுது ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. 300க்கு மேற்பட்ட நம் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். வடக்கே 1857 புரட்சி வெடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்தது இது!

தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. கவர்னர் பென்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார். ஒரு தலைப்பாகைக்காக 300 உயிர். அந்தத் தலைப்பாகை மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் இந்தக் கதையை எழுதி வைத்தால் போதும். பள்ளிப் பிள்ளை மறக்கவே மறக்காது.

எம்டன் வந்த ராத்திரி

மதராஸ்காரர்கள் யுத்தத்தை வாசலிலேயே பார்த்த நாளும் உண்டு. 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து விளக்கைப் போட்டது. அடுத்த பத்து நிமிஷம் சரமாரியாகக் குண்டு! 120க்கு மேல் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். மறுநாள் முதல் மூட்டை முடிச்சோடு ஜனம் ரயிலடிக்கு ஓடியது.

அந்தக் கப்பலின் ஆட்டம் நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவருகே முடிந்தது. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து நொறுக்கியது. ஆனால் பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்பா!" என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல்தான். ஹைகோர்ட் மதிலில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு. வெடித்த குண்டின் துண்டு கோட்டை மியூசியத்தில்.

கப்பல் வந்த பாதை, குண்டு விழுந்த இடங்கள், ஓடிய ஜனம்... எல்லாவற்றையும் ஒரு பெரிய வரைபடத்தில் சேர்த்துக் காட்டினால்? அதைப் பார்க்கவே கூட்டம் வராதா!

கப்பல்கள் சொன்ன எச்சரிக்கை

மியூசியம் என்றால் கட்டிடம் கட்டி, ரிப்பன் வெட்டி, மாலை போடுவதோடு முடிகிற காரியமா?

விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்கள் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்திருப்பார்கள். 91 மீட்டர் நீளம். 2001ல் ஓய்வு பெற்றது. மறு வருஷமே கரையேற்றி மியூசியம் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கி ஜனம் உள்ளே நுழைந்து வெளியே வருகிறது.

தமிழ்நாட்டிலும் அதே ஆசை எழுந்தது. 1974ல் கடற்படையில் சேர்ந்த வாக்லி நீர்மூழ்கி 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் மியூசியம் ஆக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். வாக்லி சென்னைத் துறைமுகம் வரை வந்தது. மாமல்லபுரம் போய்ச் சேரவில்லை!

பம்பாயில் நடந்தது இன்னும் வேதனை. 1971 யுத்தத்தில் பேர் வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1997ல் ஓய்வு பெற்று மியூசியமாக நின்றது. பராமரிக்க முடியவில்லை. 2012ல் மூடினார்கள். 2014ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய் உடைபட்டது.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வெளிச்சம் துணியைத் தின்னும். ஈரம் காகிதத்தைத் தின்னும். கடலோரச் சென்னையில் மூன்றும் உண்டு. கட்டும் செலவை ஒரு தடவை கொடுத்தால் போதும். காக்கும் செலவை வருஷா வருஷம் கொடுக்க வேண்டும்.

காக்க முடியும் என்பதற்கு சாட்சி கோட்டையிலேயே இருக்கிறது. 1947 ஆகஸ்டு 15 விடியற்காலை 5.05 மணிக்குக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. சுத்தமான பட்டு. 12 அடிக்கு 8 அடி. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, மங்கலான விளக்கில் வைத்திருக்கிறார்கள். 2013ல் இதற்கென்றே தனிக் கூடம் திறந்தார்கள். பட்டுத்துணியே இத்தனை வருஷம் தாங்கினால், மற்றதைக் காப்பது நடக்காத காரியம் அல்ல.

டெல்லிக்குப் பிளான் போட்ட சென்னைக்காரர்

இனி சந்தோஷமான சமாசாரம். 'பேர் எங்கே?' என்ற கேள்விக்கு விடை சொன்னவர் நம்ம ஊர்க்காரர்தான்!

டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவிடம், கூடவே ஒரு போர் அருங்காட்சியகம் என்று மத்திய மந்திரிசபை 2015ல் முடிவெடுத்தது. இரண்டுக்கும் உலக அளவில் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். நினைவிடத்துக்கு 427 பேர் பிளான் அனுப்பினார்கள். மியூசியத்துக்கு 268. 2017 ஏப்ரலில் முடிவு வந்தது. நினைவிடப் போட்டியில் ஜெயித்தது சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப். கட்டிடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். மியூசியப் போட்டியில் ஜெயித்தது பம்பாய் நிறுவனம்.

பழைய காலத்துச் சக்கர வியூகம்தான் அவருடைய பிளான். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். நடுவில் அணையா ஜோதியோடு கல்தூண். அதைச் சுற்றிப் போர்க் காட்சிகளின் வெண்கலச் சிற்பங்கள். அதற்கும் வெளியே தியாகச் சக்கரம். கடைசி வட்டத்தில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் போல மரங்கள். இந்தியா கேட்டை மறைக்காதபடி எல்லாம் தாழ்வாகக் கட்டப்பட்டது. 40 ஏக்கர், 176 கோடி ரூபாய். 2019 பிப்ரவரி 25ல் திறக்கப்பட்டது.

அந்தத் தியாகச் சக்கரத்தில்தான் விஷயமே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த வீரர்களுக்கு ஆளுக்கொரு கருங்கல். அதில் பொன் எழுத்தில் பேர். திறந்தபோது எண்ணிக்கை 25,942! தினமும் மாலையில் ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர் வளையம் வைக்கிறார்கள்.

பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே இருக்கின்றன. அதில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து 1972ல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25ல் இலங்கையில் உயிர் கொடுத்தவர்.

நினைவிடம் திறந்த நாளில், கூடவே அறிவித்த மியூசியம் எழுந்து நிற்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேர் பொறிப்பது ஒரு வேலை. அந்தப் பேருக்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்வது இன்னொரு வேலை.

செத்த காலேஜ் ஆகாமல் இருக்க...

அந்தக் காலத்தில் மதராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். கேலிதான். ஆனால் அதில் நியாயமும் இருக்கு! செத்த பொருளை வரிசையாக அடுக்கி, தேதியை ஒட்டி, விளக்கைப் போட்டால் அது செத்த காலேஜ்தான்.

சென்னையில் ராணுவச் சரித்திரத்துக்கு ஒரு புது மியூசியம் வருமானால், வாசலில் பீரங்கி நிற்கட்டும், தப்பில்லை. உள்ளே முதலில் தறி இருக்க வேண்டும். அடுத்து அடையாற்று மணல். அடுத்து வேலூர்த் தலைப்பாகை. எம்டன் வரைபடம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நீளமான சுவர். பட்டாளப் பதிவேடுகளில் கிடைக்கிற வரைக்கும் சிப்பாய்களின் பேர், ஊர். கிடைக்காத பேர்களுக்கு வெறும் கல். சும்மா இருக்கும் அந்தக் கல்லே ஆயிரம் சொல்லும்.

அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ரயிலேறி வருகிற ஒருவர், தன் ஊர்ப்பேரை அந்தச் சுவரில் தேடி, விரலை வைத்து, கூட வந்த பிள்ளைக்குக் காட்ட வேண்டும். "பார்றா, நம்ம ஊரு!"

அதுவரை காத்திருக்க வேண்டாம். கோட்டை மியூசியம் இருக்கவே இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. மற்ற நாளில் ஒரு மணி நேரம் போதும். கார்ன்வாலிஸ் சிலையை நிமிர்ந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பீடத்தில் இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

திரும்பும்போது சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் போர்டில் பேரைப் படித்துப் பாருங்கள். தறி என்ற சொல் அதில் இன்னும் ஒளிந்திருக்கிறது!